சுவர் மூச்சுவிட்ட கல்யாண வீடியோ

ரோசலினுக்குத் தன் கண்களைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நுண்ணோக்கிக்குள் குனிந்து பார்த்துச் சம்பாதித்த கர்வம் அது. சில்லின் மேல் முடியளவு கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கடைசியில் அந்த வேலையைக் கேமரா பொருத்திய ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது.

"அவங்க ஒரு கேமரா வாங்கிட்டாங்க. நானும் ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்று கணவன் ஹென்றியிடம் சொன்னாள். சொன்னபடியே வாங்கினாள். ஜெலுத்தோங்கில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் பின்னறை ஸ்டூடியோ ஆனது. ஞானஸ்நானம், பிறந்தநாள், கல்யாணம் என்று நான்கு வருடத்தில் கைநிறைய வேலை. அவள் எடுத்த படத்தில் யார் தலையும் வெட்டுப்படாது, யார் முகமும் கறுத்துப்போகாது என்று பெயர் வாங்கியிருந்தாள்.

அந்தப் பெயருக்கு முதல் அடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் வந்தது. பேசியவர் செபராங் ஜெயாவில் இருக்கும் ஜெயலெட்சுமி. இரண்டு வாரத்துக்கு முன் அவருடைய மகள் குமுதாவின் கல்யாணத்தை ரோசலின்தான் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"வீடியோ வந்துச்சு ரோசலின். எல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா குமுதா பாதியிலயே நிறுத்திட்டா. பார்க்க முடியலயாம், கண்ணு வலிக்குதாம்."

"கண்ணு வலிக்குதா? என்னாக்கா சொல்றீங்க?"

"ஏதோ மினுக்குதுன்னு கைய ஆட்டி ஆட்டிக் காட்டுறா. எனக்கு ஒண்ணும் தெரியல லா. நீயே அவகிட்ட கேட்டுக்க."

குமுதாவுக்கும் மாப்பிள்ளை சிவநேசனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவர்களுடைய நண்பர்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே சைகை மொழியில் பேசிப் பழகியவர்கள். விருந்தின்போது குமுதாவின் தோழி ஷாஹிரா மேடையேறிப் பதினான்கு நிமிடம் கைகளாலேயே வாழ்த்துரை நிகழ்த்தினாள். ரொஸ்னா என்ற மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று, அதை ஒலிபெருக்கியில் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார். மண்டபமே சிரித்தது. கேமராவுக்குப் பின்னால் நின்ற ரோசலினும் சிரித்தாள். அந்த வீடியோவிலேயே சிறந்த பகுதி அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

தொலைபேசியை வைத்ததும் வீடியோக் கோப்பைத் திறந்து ஷாஹிராவின் பேச்சை முழுவதும் பார்த்தாள். ரொஸ்னாவின் குரல் கணீரென்று இருந்தது. சிரிப்பு வரும் இடங்களில் இவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. மினுக்கலை மட்டும் காணோம்.

குமுதாவுக்குச் செய்தி அனுப்பினாள். இருவரும் மலாயில்தான் எழுதிக்கொண்டார்கள். குமுதா படித்தது அந்த மொழியில். 'எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லையே. உன் போனில் ஏதாவது கோளாறாக இருக்குமோ?' என்று ரோசலின் கேட்டாள்.

பதில் உடனே வந்தது. 'என் போன், அவருடைய டேப்லெட், அம்மா வீட்டு டிவி, மூன்றிலும் பார்த்துவிட்டேன். ஷாஹிராவுக்குப் பின்னால் இருக்கிற சுவர் துடிக்கிறது. நான் அவள் கையைப் பார்க்கவேண்டும். சுவர் துடிக்கும்போதெல்லாம் கண் அங்கே ஓடிவிடுகிறது. திரும்புவதற்குள் இரண்டு சொல் போய்விடுகிறது.'

ரோசலின் அதை இரண்டு முறை படித்தாள். தன் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று இருக்கிறது என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். மனசு கொஞ்சம் சுருக்கென்றது. மண்டபத்து விளக்காக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மலிவான எல்இடி விளக்குகள் கேமராவில் மினுங்குவது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்று அவள் அதைச் சோதித்துவிட்டுத்தானே கேமராவை நிறுத்தினாள்? 'சனிக்கிழமை காலை வீட்டுக்கு வா. சேர்ந்து பார்ப்போம்' என்று எழுதினாள்.

சனிக்கிழமை குமுதாவும் சிவநேசனும் ஒரு பெட்டி கூஎ பலகாரத்துடன் வந்தார்கள். வழியில் ஜெலுத்தோங் பாசாரில் வாங்கியிருந்தார்கள். பச்சையும் வெள்ளையுமாகத் தேங்காய்ப்பால் வாசத்தோடு இன்னும் சூடாக இருந்தது. ஹென்றி தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டான். பேருந்துப் பட்டறையில் மெக்கானிக்கான அவனுக்கு எந்தக் கோளாறும் வேடிக்கைதான்.

ரோசலின் ஷாஹிராவின் பேச்சை ஓடவிட்டாள். குமுதா திரையைப் பார்த்தபடி ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினாள். கொஞ்சம் கழித்து மறுபடி உயர்த்தினாள். பிறகு இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும், 'இதோ, பார்த்தீர்களா' என்று கேட்பதுபோல ரோசலினைத் திரும்பிப் பார்த்தாள். ரோசலின் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினாள்.

குமுதா சற்று யோசித்தாள். எழுந்துவந்து, விசைப்பலகையில் ஒலியை நிறுத்தும் பொத்தானைத் தானே அழுத்தினாள்.

ரொஸ்னாவின் குரல் நின்றது. விருந்தினரின் சிரிப்பும் ரோசலின் தானே சேர்த்திருந்த மெல்லிய இசையும் நின்றன. ஷாஹிராவின் கைகள் மட்டும் அசைந்தன. ரோசலின் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, அவற்றின் பின்னால் இருந்த பழுப்புச் சுவர் ஒருமுறை துள்ளியது. யாரோ மெதுவாகக் கண் சிமிட்டியதுபோல இருந்தது. அவள் முதுகு நிமிர்ந்தது. குமுதாவின் விரல் அதே நேரத்தில் உயர்ந்திருந்தது.

"ஐயோ" என்றாள் ரோசலின். "இவ்வளவு பெரிசாவா இருக்கு?"

"எனக்கும் இப்பத்தான் தெரியுது" என்றான் ஹென்றி.

அதுவரை அவள் பேச்சைக் காதால் பார்த்திருக்கிறாள். குரல் அவளை இழுத்துக்கொண்டே போனதில் கண் பாதித் தூக்கத்தில் இருந்திருக்கிறது. குமுதாவிடம் போனில் எழுதிக் காட்டினாள்: 'நீ சொன்னது சரி. மன்னித்துவிடு.' குமுதா சிரித்துக்கொண்டே ஒரு கூஎயை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

ரோசலின் முதலில் கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பைத் திறந்து, அதையும் ஒலியில்லாமல் ஓடவிட்டாள். நான்கு பேரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். சுவர் அசையவே இல்லை. ஆக, மண்டபத்து விளக்கின் மேல் தப்பில்லை, கேமராவின் மேலும் இல்லை. போனுக்கு அனுப்ப வசதியாக வீடியோவை அவள் சிறிதாகச் சுருக்கியபோதுதான் இந்தத் துடிப்பு உள்ளே நுழைந்திருக்கிறது.

"நிறைய வண்டி பார்த்திருக்கேன்" என்றான் ஹென்றி. "ஒரு சத்தம் நெனச்ச நேரத்துக்கு வந்தா ஏதோ லூசா இருக்கு. கணக்கா வந்தா, சுத்துற சாமான்ல கோளாறு. இது எப்பிடி வருது?"

அதை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ரோசலின் அந்தக் கேள்வியைப் போனில் எழுதிக் காட்டினாள். சிவநேசன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். குமுதா விரலை உயர்த்த, அவன் தாளில் குறித்தான். பத்து, இருபது, முப்பது, நாற்பது. வினாடி பிசகவில்லை. தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டியபோது அவன் முகத்தில் பரீட்சையில் முதலாவதாக வந்தவனின் சிரிப்பு.

பத்து வினாடி. வினாடிக்கு இருபத்தைந்து படம் என்றால் இருநூற்றைம்பது படம். அந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ரோசலின் சுருக்கும் மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தாள். அங்கேதான் இருந்தது. முழுப்படங்களுக்கு இடையிலான தூரம்: 250.

அவள் அவர்களுக்கு எழுதி விளக்கினாள். எழுத எழுத அவளுக்கே தெளிவானது. வீடியோவைச் சுருக்கும்போது மென்பொருள் எல்லாப் படங்களையும் முழுசாகச் சேமிப்பதில்லை. ஒரு படத்தை முழுசாக வைத்துக்கொள்ளும். அடுத்து வருகிறவற்றில், முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். இருநூற்றைம்பது ஆனதும் மறுபடியும் ஒரு முழுப்படம். அந்த எல்லையில்தான் சுவர் துள்ளுகிறது.

ஏன் துள்ளுகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவளுடைய பழைய வேலை கைகொடுத்தது. எல்லைக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுவரின் ஒரு மூலையை மட்டும் எட்டு மடங்கு பெரிதாக்கினாள். முன்னதில் சுவர் மெழுகு தேய்த்ததுபோல வழவழவென்று இருந்தது. பின்னதில் மணல் தெளித்ததுபோலப் புள்ளிகள். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு என்பதால் கேமராவே அந்தப் புள்ளிகளைப் பதிவுசெய்திருந்தது. முழுப்படம் அவற்றை அப்படியே வைத்துக்கொண்டது. பின்னால் வந்த படங்களோ இடத்தை மிச்சம் பிடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றைத் துடைத்துவிட்டன. அடுத்த முழுப்படம் வந்ததும் புள்ளிகள் எல்லாம் ஒரே நொடியில் திரும்பிவந்தன. அதுதான் அந்தச் சிமிட்டல்.

"அப்ப சுவரு பத்து வினாடி மூச்சப் பிடிச்சிக்கிட்டு இருந்து, அப்புறம் விடுது" என்றான் ஹென்றி.

காரணம் தெரிந்துவிட்டதில் ரோசலினுக்கு உற்சாகம் தாங்கவில்லை. திங்கட்கிழமை காலை ஹென்றி வேலைக்குக் கிளம்பியதும் பின்னறைக்குள் உட்கார்ந்தாள். முழுப்படங்களுக்கு இடையிலான தூரத்தை ஒரு நிமிடமாக நீட்டினாள். துடிப்பு நிமிடத்துக்கு ஒன்றானது. ஒரு துண்டை மட்டும் சுருக்கி அனுப்பினாள்.

மதிய உணவு இடைவேளையில் குமுதாவின் பதில் வந்தது. ஒரே சொல்: 'REJECT.' கீழே காரணம் எழுதியிருந்தாள். 'சைகையைத் தவறவிட்டால் நாங்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி பார்ப்போம். இதில் பின்னால் தள்ளினால் எங்கேயோ போய் நிற்கிறது.'

ரோசலின் நெற்றியில் தட்டிக்கொண்டாள். முழுப்படம் இருக்கும் இடத்தில்தானே வீடியோவால் சட்டென்று போய் நிற்க முடியும். தூரத்தை நீட்டியதில் நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

அந்த ஒற்றைச் சொல்லும் அவளை உறுத்தியது. பெரிய எழுத்தில், முற்றுப்புள்ளியோடு. தொழிற்சாலையில் சிவப்பு மையில் அவளே ஆயிரக்கணக்கான முறை எழுதிய சொல் அது. 'நீ எங்கே வேலை செய்கிறாய்?' என்று கேட்டாள்.

'பத்து காவானில் ஒரு தொழிற்சாலை. சர்க்கியூட் பலகை பரிசோதனை. ஆறு வருடம்.'

ரோசலின் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். 'நான் இருபத்திரண்டு வருடம்' என்று பதில் எழுதினாள். அதற்குப் பிறகு இருவருக்கும் மரியாதைப் பேச்சு தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை, சுருக்குவதற்கு முன்பே சுவரின் புள்ளிகளை நீக்கிவிட்டால் என்ன என்று முயன்றாள். புள்ளியே இல்லையென்றால் திரும்பிவர எதுவும் இருக்காதே. துடிப்பு முற்றிலும் நின்றது. பெருமையோடு அனுப்பினாள். மறுபடியும் 'REJECT.' ஷாஹிராவின் பேச்சில் எல்லோரும் சிரித்த ஒரு கதை உண்டு. குமுதாவை முதன்முதலில் சந்திக்கக் கிளம்பிய சிவநேசன் பதற்றத்தில் மூன்று முறை தப்பான பேருந்தில் ஏறிய கதை. 'ஷாஹிரா காட்டுவது இரண்டு விரலா மூன்று விரலா என்றே தெரியவில்லை. என் கணவர் அவ்வளவு மோசமில்லை, இரண்டு முறைதான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார்' என்று குமுதா எழுதியிருந்தாள். ரோசலின் பெரிதாக்கிப் பார்த்தாள். உண்மைதான். புள்ளிகளை நீக்கிய கருவி, வேகமாக அசையும் விரல்களையும் சேர்த்துக் குழைத்துவிட்டிருந்தது.

புதன்கிழமை காலை அவள் எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். தூரத்தை மாற்றக்கூடாது. புள்ளிகளைத் துடைக்கக்கூடாது. முழுப்படம் மிக நன்றாக இருக்கிறது, இடைப்படங்கள் சுமாராக இருக்கின்றன, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தானே கண்ணில் குத்துகிறது? அப்படியானால் வித்தியாசத்தைக் குறைத்தால் போதும். முழுப்படத்துக்கும் இடைப்படங்களுக்கும் எவ்வளவு தர வேறுபாடு இருக்கலாம் என்று சொல்லும் எண் ஒன்று அமைப்பில் இருந்தது. 1.4 என்றிருந்ததை 1.1 ஆக்கினாள். இருட்டான பகுதிகளுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கும்படி இன்னொன்றை மாற்றினாள். கோப்பு இவ்வளவு சிறிதாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயத்தையும் தளர்த்தினாள். கோப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பெரிதானது. பரவாயில்லை, போனில் போய்ச்சேரும்.

ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிட்டாள். பத்து வினாடி. இருபது. முப்பது. சுவர் சுவராகவே நின்றது. மூன்று விரல் மூன்று விரலாகவே தெரிந்தது.

அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஈரக்கையோடு திறந்தாள்.

'PASS.'

மீனை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டு அவள் பட்டறைக்குப் போன் செய்தாள். "என்னங்க, பாஸாயிட்டேன்" என்றாள். அங்கே ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. "என்னா? எதுல பாஸ்?" என்று ஹென்றி கத்தினான். "எல்லாத்துலயும்" என்று இவளும் கத்தினாள்.

முழு வீடியோவையும் புதிய அமைப்பில் சுருக்கிக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒலியில்லாமல் பார்க்கப் பழகிவிட்ட ரோசலின் முழுவதையும் ஒருமுறை அப்படியே பார்த்தாள். ஷாஹிராவின் பேச்சு வந்தபோது அவளுக்கு முகம் சூடானது. நடுநடுவே, சிரிக்கும் விருந்தினர்களைக் காட்டுவதற்காக அவள் ஷாஹிராவை விட்டு நகர்ந்திருந்தாள். ரொஸ்னாவின் குரல் தொடர்ந்து கேட்டதால் அது தப்பாகவே தெரியவில்லை. குரலை எடுத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் ஷாஹிராவின் பேச்சு பாதியில் அறுந்து போயிருந்தது. பதினான்கு நிமிடத்தில் பத்தொன்பது இடங்கள்.

'இதை ஏன் நீ சொல்லவில்லை?' என்று குமுதாவிடம் கேட்டாள்.

'எல்லாக் கல்யாண வீடியோவும் அப்படித்தானே இருக்கும்' என்று பதில் வந்தது.

ரோசலின் இரண்டு நாள் முழுசாக உட்கார்ந்து அந்தப் பகுதியை மறுபடி தொகுத்தாள். நல்லவேளையாக இரண்டாவது கேமரா ஒன்று பேச்சு முடியும்வரை ஷாஹிராவை விட்டு நகராமல் ஓடியிருந்தது. அவள் கைகள் எப்போதும் திரையில் இருக்கும்படி செய்துவிட்டு, சிரிக்கும் முகங்களைக் கீழ்மூலையில் சின்னதாக ஒரு கட்டத்துக்குள் வைத்தாள். இதைப் பற்றிக் குமுதாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் ரோசலினும் ஹென்றியும் பாலம் கடந்து செபராங் ஜெயாவுக்குப் போனார்கள். ஜெயலெட்சுமியின் வீட்டுக் கூடத்தில் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். சோபாவிலும் தரையிலும் படிக்கட்டிலும் குமுதாவின் நண்பர்கள். கூடத்தில் பேச்சுச் சத்தமே இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் பத்துப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. டிவிக்கு முன்னால் முதல் வரிசையில் ஷாஹிரா.

"சத்தம் வைக்கவா, வேண்டாமா?" என்று ஜெயலெட்சுமி கேட்டார்.

"வேண்டாம்க்கா" என்றாள் ரோசலின். "சும்மா ஓடட்டும்."

அவள் வீடியோவைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்று முகங்களைப் பார்த்தாள். தாலி கட்டும்போது எல்லோரும் சிரித்தார்கள். திரையில் ஷாஹிரா மேடையேறினாள். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம். எல்லோருடைய கண்களும் ஒரே இடத்தில் நின்றன. யாரும் கண்ணைக் கசக்கவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் குமுதா சட்டென்று நிமிர்ந்தாள். திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அவளுடைய அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஷாஹிரா நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். குமுதா திரும்பி ரோசலினைத் தேடினாள். பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

பேருந்துக் கதை வந்தபோது ஒருவன் எழுந்து தொலைவியக்கியைப் பிடுங்கிப் பின்னால் தள்ளினான். சரியாக அந்த இடத்திலேயே போய் நின்றது. மறுபடி பார்த்தார்கள். மூன்றாவது முறையும் பார்த்தார்கள். மூன்று விரல் என்பதில் இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை. சிவநேசன் சோபாத் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டான். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

படம் முடிந்ததும் இருபது ஜோடிக் கைகள் மேலே உயர்ந்து காற்றில் அசைந்தன. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான் என்று ரோசலினுக்குக் கல்யாணத்தன்றே தெரியும். அன்று அதை மணமக்களுக்காகப் படம்பிடித்தாள். இன்று எல்லோரும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

"தன்னத்தானே பாராட்டிக்கிறா பாரு" என்று ஹென்றி ஜெயலெட்சுமியிடம் சொன்னான். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இருக்கட்டும் லா, சாப்பிட வாங்க" என்றார்.

மறுநாளிலிருந்து ரோசலின் தன் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக ஒலியில்லாமல் பார்க்கத் தொடங்கினாள். பதினோரு கல்யாணங்களில் ஏழில் அந்தத் துடிப்பு இருந்தது. யாரும் புகார் சொன்னதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, "ஒரு சின்னக் கொற இருந்துச்சு, சரி பண்ணி அனுப்புறேன்" என்று சொல்லிப் புதிய கோப்பை அனுப்பினாள். சிலர் எதுவென்று புரியாமலே நன்றி சொன்னார்கள்.

ஆகஸ்டு மாதம் ஷாஹிராவின் நிச்சயதார்த்தம் வந்தது. அதற்குப் பிறகு அவளுடைய நண்பர் ஒருவரின் கல்யாணம். இப்போது ரோசலின் சனிக்கிழமைதோறும் சைகை மொழி வகுப்புக்குப் போகிறாள். ஐம்பத்தொரு வயதில் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. போன வாரம் வகுப்பின் முன்னால் நின்று, தான் கல்யாண வீடியோ எடுப்பவள் என்று சொல்ல முயன்றாள். எல்லோரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகு, அவள் கல்யாணங்களுக்குப் போய் வாத்து பிடிக்கிறவள் என்று சொல்லியிருப்பதை ஆசிரியை பலகையில் எழுதிக் காட்டினார்.

ரோசலின் தன் விரல்களைப் பார்த்தாள். எங்கே மடக்கவேண்டுமோ அங்கே மடக்கி, முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.